தெத்துப்பல்

சுகந்தி: …அப்போ ஆடிப் பதினெட்டுக்கும் வரமாட்டீங்க. அதத்தானே இத்தன நேரமாச் சுத்தி வளைச்சுச் சொல்றீங்க?

செங்கோடன்: மேஸ்திரி லீவு தரமாட்டேங்கறான் புள்ள. மேல் மாடி கான்கிரீட்டு… கம்பி கட்ட ஆளில்ல.

சுகந்தி: ஊருல என்ன பேசறாங்க தெரியுமுங்களா? ஐதராபாத்துக்குக் கம்பி கட்டப் போனவரு, அப்படியே கம்பி நீட்டிட்டாருன்னு.

செங்கோடன்: எவன் சொன்னான்?

சுகந்தி: எவன் இல்ல, எவ. பக்கத்து ஊட்டு சென்னம்மாதான்.

செங்கோடன்: ஹ்ம்… ஹ்ம்ம்…

சுகந்தி: என்னங்க அது, சிரிக்கறீங்களா, முனகறீங்களா? பொண்டாட்டிகிட்ட வாயத் தொறந்து சிரிச்சாத்தான் என்ன?

செங்கோடன்: பல்லு வலி. சித்த வீங்கியிருக்குது.

சுகந்தி: அதானா பல்லக் கடிச்சுக்கிட்டே பேசறீங்க! நான் எம்மேல கோவம்னு நெனச்சுட்டேன்.

செங்கோடன்: உம்மேல கோவமா… அட போ. நீ மட்டும் என்னவாம்? நீ ‘சோறு’ன்னா எனக்கு ‘ஷோறு’ன்னு கேக்குது. வாயில என்ன, பலாச்சுளையா?

சுகந்தி: டவர் சரியில்லீங்க. மொளகுத் தோட்டத்துக்கு மேல, பாறையில நின்னு பேசறேன்.

செங்கோடன்: பாறையில நின்னா டவர் நல்லாத்தானே வரும்! ஒருக்கா மூஞ்சியக் காட்டு. நீ மட்டும் காட்டு, எம்பட கேமரா ஒடஞ்சு கெடக்குது.

சுகந்தி: மழ தூறுதுங்க…

செங்கோடன்: பங்குனியில இருந்து மழ தூறுதா உனக்கு மட்டும்?

சுகந்தி: …என்ன சாப்பிட்டீங்க?

செங்கோடன்: கஞ்சி. நீ?

சுகந்தி: கஞ்சிதான்.

செங்கோடன்: பலாச் சீசன்ல கஞ்சியா! கொட்டைய வறுத்து மடியில போட்டுக்கிட்டு, கடக்குகடக்குன்னு கடிப்பியே.

சுகந்தி: கடிக்கப் புடிக்கல. நீங்க மட்டும்? கறியில்லாமச் சோத்துல கை வெக்காத ஆளு!

செங்கோடன்: பல்லு வலின்னேனே.

சுகந்தி: அப்போ நாஞ்சொல்றதக் கேளுங்க. சாப்பிட்டதும் உப்புத்தண்ணி ஊத்திக் கொப்பளிங்க. அப்புறம் பாட்டில் கழுவற பிரஷ்ஷுக்குக் குட்டி மாதிரி ஒரு பிரஷ் விக்குது, அத இடுக்குல உட்டு மெதுவா எடுக்கோணும். துணுக்கு நின்னா ஈறு வீங்கும். அப்படியே உட்டா பல்லுல வெள்ளவெள்ளயாத் திட்டு உழுந்துரும். அப்புறம் போகவே போகாது.

செங்கோடன்: அடேங்கப்பா… இதெல்லாம் உனக்கு ஆரு சொன்னா?

சுகந்தி: டிவியிலங்க.

செங்கோடன்: நம்மூட்டு டிவிதான் இடி உழுந்ததுல போச்சே.

சுகந்தி: எதுத்தாப்புல இருக்கற கோகிலா ஊட்டு டிவி! போலீசாட்டம் கேக்காதீங்க.

செங்கோடன்: செரி, கேக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும்… ஒருக்கா சிரியேன் புள்ள.

சுகந்தி: எதுக்கு?

செங்கோடன்: சும்மா. கண்ண மூடினா உம்பட தெத்துப்பல்லுதான் வந்து நிக்குது. உதட்டு மேல ஏறி உக்காந்துக்கிட்டு… அதப் பாக்காம எனக்கு ஆகமாட்டேங்குது.

சுகந்தி: கொஞ்சாதீங்க. அந்தப் பல்ல மறைக்கச் சொன்னதே நீங்கதானே.

செங்கோடன்: நானா?

சுகந்தி: மறந்துருச்சா? போன ஆடிக்கு, அறப்பளீஸ்வரர் கோயில் ஆத்துல மீனுக்குப் பொரி போட்டுட்டு போட்டோ எடுத்தமே. ‘வாய மூடிக்கிட்டுச் சிரி’ன்னீங்க. அத்தன பேரு முன்னால. எனக்கு உசுரே போச்சுங்க. அன்னிலிருந்து கண்ணாடியப் பாத்தாலே அழுகதான்.

செங்கோடன்: அடி கிறுக்கி! கண்ணு பட்டுருமேன்னு சொன்னேன்டி. தெத்துப்பல்லுக்காரி வந்தா ஊடு வெளங்கும்பாங்க. அந்தப் போட்டோக்காரன் வேற உன்னையே வெறிச்சுக்கிட்டு நின்னான். எனக்குப் பொறுக்கல.

சுகந்தி: …இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?

செங்கோடன்: அழுவறயா புள்ள?

சுகந்தி: இல்லீங்க… கன்னத்துக்குள்ள கிழிச்சிருச்சு. காத்தால இருந்து குத்துது.

செங்கோடன்: என்னது குத்துது?

சுகந்தி: மீனு… மீன் முள்ளு.

செங்கோடன்: கஞ்சியில ஏது மீனு?

சுகந்தி: நேத்து சாப்பிட்டதுங்க!

செங்கோடன்: செரி செரி, கத்தாத. சித்த மெழுகு எடுத்து உருட்டி, அந்தக் கம்பி முனை மேல ஒட்டிக்க. அப்புறம் குத்தாது.

சுகந்தி: கம்பி முனையா? நான் முள்ளுன்னுதானே சொன்னேன்.

செங்கோடன்: அது… வாய் தவறி…

சுகந்தி: ஏனுங்க. உங்க வாய்க்கு என்ன ஆச்சு? எந்தலை மேல சத்தியமாச் சொல்லுங்க.

செங்கோடன்: சத்தியமெல்லாம் எதுக்கு… சாரத்துல நிக்கறப்போ கம்பிக் கட்டு சரிஞ்சு தாடையில அடிச்சிருச்சு. எலும்பு விட்டுப்போச்சு. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேத்துக் கம்பி போட்டு இறுக்கியிருக்காங்க. வாயத் தொறக்க முடியாது. கம்பி கட்டறவனுக்கே கம்பி கட்டிட்டாங்க பாத்துக்கோ.

சுகந்தி: ஐயோ… சாமீ…

செங்கோடன்: அழாத கண்ணு, உசுருக்கு ஒண்ணுமில்ல. கூட வேல செய்யற பிரவீன் கஞ்சி காச்சிக் குடுக்கறான், உறிஞ்சிக்கறேன்.

சுகந்தி: நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ, ஊரான் காச்சின கஞ்சியா? ஏனுங்க எங்கிட்ட மறைச்சீங்க?

செங்கோடன்: மூஞ்சி கோணிக் கெடக்குது புள்ள. நீ பயந்துக்குவ. அதுவுமில்லாம நம்ம மலை வளைவுல எனக்கு வாந்தி வரும்னு உனக்குத் தெரியாதா? வாய் பூட்டிக் கெடக்கறப்போ வாந்தி வந்தா… டாக்டரே வேண்டாம்னுட்டாரு.

சுகந்தி: அப்போ மலை ஏற வேண்டாம். நான் எறங்கி வாரேன். அடிவாரத்துல, பேளுக்குறிச்சியில எங்கக்கா ஊடு சும்மாதான் கெடக்குது. கம்பி கழட்டற வரைக்கும் அங்கயே இருக்கலாம். எனக்கு உங்களப் பாக்கோணுமுங்க. கோணின மூஞ்சியா இருந்தாலும் செரி. பாதிப் பாயி காலியாக் கெடக்குது, என்னால முடியல.

செங்கோடன்: எனக்கு மட்டும் முடியுதா? …வந்தா பல்லுத் தெரியச் சிரிப்பியா? அந்தத் தெத்துப்பல்ல ஒருக்காப் பாத்தாப் போதும், எல்லாம் செரியாப் போயிரும்.

சுகந்தி: சிரிக்கறேங்க… ஆனா பாத்துட்டு வெய்யக்கூடாது. பல்லு முன்ன மாதிரி இல்ல. பாதி உள்ள போயிருச்சு. மீன் முள்ளுமில்ல, மழையுமில்ல. உங்களுக்குப் புடிக்கலையாக்கும்னு பங்குனியிலயே நாமக்கல்லு போயி நானும் கம்பி கட்டிட்டேன். இந்த வருச மொளகு வித்த காசு பூராவும் எம்பட வாய்க்குள்ளதான் இருக்குது. …நீங்க மெழுகு வாங்கிட்டு வர வேண்டாம். எம்பட டப்பாவுல பாதி இருக்குது, ரெண்டு பேருக்கும் போதும்.