இணைப்பில் இருந்த படம்

எனக்குச் சத்தம் போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஐயா. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்கு எளிதாகப் புரியும்.

மருத்துவமனையில் என் வேலை இதுதான். எக்ஸ்ரே அறையிலிருந்து ஒரு செய்தி வரும். நோயாளி யார், எதற்காக என்ற விவரம் அதில் இருக்கும். படம் அதன் இணைப்பாக வரும். இரண்டையும் வாங்கி, சரிபார்த்து, டாக்டரின் திரைக்கு அனுப்பும் இணையச் சேவையை எழுதியவன் நான். செய்தி சிறியது, படம் கனமானது. அதனால் சில நேரம் செய்தி வந்து சேரும், இணைப்பாக வரும் படம் வழியிலேயே அறுந்துபோகும். அப்போது சேவை ‘பிழை’ என்று பதில் சொல்ல வேண்டும். படத்தை அவர்கள் மறுபடி அனுப்புவார்கள்.

ஒவ்வொரு பிழைக்கும் தொலைபேசி அடித்தது. மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று கத்தினார்.

“இனிமே பிழைங்கற வார்த்தையே டாக்டர் கண்ல படக்கூடாது. எப்படியாவது பண்ணுப்பா.”

எப்படியாவது பண்ணினேன். இணைப்பு வராவிட்டால் வேறொரு படத்தைச் சேர்த்து, ‘பெறப்பட்டது’ என்று பதில் அனுப்பும்படி எழுதினேன். வெற்றுப் படம் போனால் டாக்டர் கேள்வி கேட்பார். இன்னொரு நோயாளியின் படத்தை எடுப்பது முறையல்ல. அந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவன். வேலையில் சேர்ந்தபோது எடுத்த என் மார்புப் படம் இருந்தது. நல்ல சுத்தமான நுரையீரல்.

தொலைபேசி ஓய்ந்தது. மேலாளர் எல்லார் முன்னாலும் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

என் அண்ணனுக்கு விடாத இருமல். அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்கவைத்தவர் அவர். எங்கள் மருத்துவமனைக்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

“ஒண்ணுமில்லையாம்டா, வெறும் சளிதானாம். ஆனா தோள்பட்டை எலும்பு எப்பவோ ஒடிஞ்சு கூடியிருக்குன்னு டாக்டர் சொல்றார். எனக்குத் தெரியாம எனக்கு எப்படா ஒடிஞ்சுது?”

டாக்டரின் திரையிலிருந்து அச்சிட்டுக் கொடுத்திருந்த படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பள்ளிக்கூட நாளில் நான் சைக்கிளிலிருந்து விழுந்து ஒடித்துக்கொண்ட எலும்பு அது. அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான்.

“சின்ன வயசுல எங்கயாவது விழுந்திருப்பீங்கண்ணா” என்றேன்.

மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் அதற்கு முன் போனவற்றையும் கிளறுவார்கள். ஆளுக்கு ஆள் கத்துவார்கள். வெந்நீர் குடிக்கச் சொன்னேன். இருமலில் ரத்தம் வந்தபோது நுரையீரல் கட்டி இரண்டு பக்கமும் பரவியிருந்தது.

அண்ணன் போன பிறகும் அந்த வரிகளை நான் நீக்கவில்லை. மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அவர்களுக்கும் என் படம்தான் போனது. தெரிந்துதான் விட்டுவைத்தேன்.

காரியம் முடிந்த அன்று அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கத்தவில்லை.

“அங்கதானே தம்பி வேலை பாக்கறீங்க. அந்தப் படத்தை நீங்க ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா?”

“பாத்தேன் அண்ணி. நல்லாத்தான் இருந்துச்சு.”

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அண்ணியிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.