போலீஸ் கொட்டகையில் ஒரு தொட்டில்

பிள்ளைகளா, அது சாரல் காலம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தென்காசியில் குற்றாலம் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர், பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடத்து அம்மாவிடம் சொன்னார்:

“டீச்சரம்மா, அருவிக்கரைப் போலீஸ் கொட்டகையில, சாரல் படாத மூலையில தொட்டில் கட்டியாச்சு.”

வரிசையே திரும்பிப் பார்த்தது.

“நெசமாவா? நாளைக்கும் ஈசுவரி பள்ளிக்கூடம் வரலைன்னா ரிஜிஸ்தர்ல பேரை அடிச்சிருவேன்னு ஹெட்மாஸ்டர் சொல்லுதாரு.”

“அவ என்ன செய்வா? ஆத்தா அருவிக்கரையில கடலை விக்கா. கைப்பிள்ளைக்குச் சளி, சாரல்ல கொண்டு போகக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. இவதான வீட்ல வச்சுக்கிட்டு இருக்கணும்?”

“அந்த நர்ஸம்மாகிட்டப் பேசுன பொறவுதான் எனக்கே அது தெரிஞ்சுது.”

“நீங்க ரெண்டு பேரும் வந்து தொட்டில் கட்ட எடம் கேட்டப்ப, போலீஸ்காரன் பிள்ளை வளக்கவான்னு ஏட்டையா சிரிச்சாரு. இன்னைக்கு வெள்ளோட்டம் பாத்தோம். அவருதான் ஆட்டினாரு. மத்தியானம் நர்ஸம்மா வந்து மருந்து குடுத்துட்டுப் போனாங்க.”

“பிள்ளை அழலையா?”

“அழுதான். ஏட்டையா ஆட்டுன ஆட்டுல அவனும் தூங்கிட்டான், அவரும் தூங்கிட்டாரு.”

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஈசுவரி?”

“வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. தம்பி தூங்கினதும் வீட்டுக்கு ஓடிப்போயி, சிலேட்ட எடுத்துட்டு வந்து ஓடைத் தண்ணியில கழுவினா.”

பஸ் வந்தது. படியில் கால் வைத்தபடி டீச்சர் சொன்னார்:

“சரி, நாளைக்கு அவ பேரையும் கூப்பிடுதேன்.”