பதினேழோடு நின்ற பலகை

மேடையில் இருக்கும் சந்தைக் கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரான பேருந்து ஓட்டுநர் தம்பியே, வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிய படங்களோடு வந்திருக்கும் அன்பர்களே! உங்கள் எல்லாரையும் வணங்குகிறேன். வணங்கிவிட்டேன், அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அக்கா என் கடைக்கு வந்தார். நான் படங்களுக்குச் சட்டம் அடிப்பவன். அவருடைய அச்சுப் பட்டறைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். "என்னண்ணே, போன வாரம் கேட்ட சட்டம் இன்னும் மரமாவே இருக்கா?" என்று கேலி செய்துவிட்டுப் போனார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார்; எங்களில் யார் மூத்தவர் என்பது சந்தையில் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு மணிக்குப் பட்டறையில் சுருண்டு விழுந்தார். ஒன்றரைக்கு ஆஸ்பத்திரியில் மருத்துவர் வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார். நாங்கள் திரும்பி வந்தபோது உருளையில் பூசிய மை இன்னும் காயவில்லை. அன்பர்களே, மை காயும் நேரம்கூடவா ஒரு மனுஷிக்குக் கிடைக்காது? நாற்பத்தாறு வயது! இதை நான் எப்படி நம்புவேன்? நீங்கள் நம்பிவிட்டீர்களா?

உள்ளங்கை அக்கா! உள்ளங்கை அளவைத் தாண்டிப் படம் செய்யாததால் வந்த பெயர் அது. மரப்பலகையில் தானே செதுக்குவார், மை பூசுவார், கை அச்சு எந்திரத்தில் ஒவ்வொன்றாக எடுப்பார், பென்சிலால் வரிசை எண்ணும் கையெழுத்தும் போடுவார். விலை, ஒரு சினிமா டிக்கெட் விலை. "எல்லார் வீட்டுலயும் அசல் ஒண்ணு இருக்கட்டுமே" என்பார். ஒருமுறை விடுதி முதலாளி ஒருவர் வந்தார். ஆறடியில் ஒரு படம் வேண்டும், கேட்ட விலை தருகிறேன் என்றார். "ஆறடியில நான் கதவுதாங்க பாத்திருக்கேன், தச்சர் கடை எதிர்ல இருக்கு" என்றார் அக்கா. வந்தவர் வாய்விட்டுச் சிரித்து, சின்னதாகவே நான்கு வாங்கிப் போனார்.

ஆனால் கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிடுவாரா? "எந்தச் சுவருக்கு?" என்பார். பதில் சொல்லாதவருக்குப் படம் கிடையாது. ஒரு நர்ஸ் வந்து, "வாடகை ரூம்க்கா, ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஹவுஸ் ஓனர் சொல்லிட்டாரு" என்று தயங்கினார். அக்கா சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். பின்னால் கால் வைத்த சட்டம் ஒன்றைச் செய்யச் சொன்னார். "அலமாரி மேல வச்சுக்கம்மா, அதுவும் சுவர் கணக்குதான்." அந்த நர்ஸ் இதோ மூன்றாம் வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்.

இன்னொரு கண்டிப்பும் அவரிடம் இருந்தது. ஒரு பலகைக்கு நாற்பது படம் என்று சொன்னால் நாற்பதுதான். கடைசிப் படம் முடிந்ததும் பலகையின் குறுக்கே கத்தியால் ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்த பலகையில் ஒரே ஒரு படம் எடுத்து, இனி அதில் அச்சடிக்க முடியாது என்பதற்குச் சாட்சியாக இழுப்பறையில் வைப்பார். "வாங்குனவங்களுக்குக் குடுத்த வார்த்தைண்ணே" என்பார்.

செவ்வாயன்று பட்டறையில் கிளிப் போட்டுத் தொங்கியவை நாற்பதில் பதினேழு. அவர் கடைசியாகச் செதுக்கிய படம், துணிக்கொடியில் காயும் ஓட்டுநர் சட்டை. மேலிருந்து மூன்றாவது பட்டன் இல்லாத சட்டை. அது யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா? தம்பிக்கு இப்படி ஒரு படம் வருவதே தெரியாது. யாருக்கு எந்தச் சுவர் என்று எழுதும் குறிப்பேட்டைத் திறந்தோம். முப்பத்தொன்பது பெயர்கள், முப்பத்தொன்பது சுவர்கள். நாற்பதாவது வரியில் "அவருக்கு" என்று மட்டும் இருந்தது. சுவர் எழுதும் இடம் காலி. கேட்டு எழுதலாம் என்று விட்டிருக்கிறார்!

அன்பர்களே, நான் ஒரு தவறு செய்தேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்த மேடைக்கு வந்தேன். நேற்றுக் காலை, மீதி இருபத்துமூன்றையும் நானே எடுத்துவிடலாம் என்று மை பூசினேன். ஒன்று எடுத்தேன். அழகாகத்தான் வந்தது. தம்பியிடம் நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாருக்குண்ணே. ஆனா இது நீங்க எடுத்தது."

அந்தப் பதினேழில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அதுக்கெல்லாம் ஆள் இருக்குண்ணே. வரிசையில கடைசி ஆள் நான். முந்திக்கிட்டுப் போனா அவ திட்டுவா. கோடு போட்டுட்டு ஒண்ணு எடுப்பாளே, அது எனக்குப் போதும்."

நான் எடுத்த படத்தை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

பதினெட்டாம் எண்ணிலிருந்து காத்திருப்பவர்களே, உங்களுக்கு இந்தப் படம் வராது. எங்களை மன்னியுங்கள். ஆனால் வாரச் சந்தையில் அக்காவின் மேசை காலியாக இருக்காது. சங்கத்தார் அவரவர் கையால் செய்த, அவரவர் பெயர் போட்ட சின்னப் படங்களை அதே விலைக்கு அங்கே வைப்போம். சொன்ன எண்ணிக்கையை ஒருநாளும் தாண்ட மாட்டோம். இது அக்காவின் பெயரால் நாங்கள் தரும் வாக்கு!

இதோ அந்தப் பலகை. இதோ அவருடைய கத்தி. கை அச்சையும் தூக்கி வந்து மேடையில் வைத்திருக்கிறோம். தம்பி, மேலே வாருங்கள். கோட்டை நீங்கள்தான் இழுக்க வேண்டும். ஆனால் அக்கா கேட்காமல் விட்டுப்போன ஒன்றை நான் கேட்டாக வேண்டும். பதில் சொல்லாமல் படம் தர முடியாது.

எந்தச் சுவருக்கு, தம்பி?