நாற்பத்தொன்றாம் எண்ணுக்குப் பதில் சொன்ன கலிரோயி அக்காவுக்கு

காற்றில் கரைந்த குரலையெல்லாம் கரைசேர்த்த காதுக்குச் சொந்தக்காரரே! இரைச்சலை இரைச்சல் என்றே சொன்ன நேர்மையின் நெஞ்சமே! கிரேக்க நாட்டு எவியாத் தீவின் மலைத் தீக்காவல் வானொலி நிலையத்தில் இருபத்தாறு கோடைகளாக எங்களைக் கண்ணயரவிடாத கலிரோயி அக்கா, வணக்கம்.

நீட்டி முழக்க எங்களுக்குத் தெம்பில்லை. கோடை இன்னும் முடியவில்லை; மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. உங்கள் பணி ஓய்வு விழாவில்கூட ஒலிபெருக்கியை அணைக்கக் கூடாது என்பது உங்கள் கட்டளை. ஆகவே மலையிலிருந்து யாராவது பேசினால் இந்த மடல் பாதியில் நிற்கும்.

ஊருக்கு ஊர் தீயணைப்புத் தொண்டர் படை, படைக்குப் படை வேறு வேறு வானொலிக் கருவி. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. எல்லாவற்றையும் பிரித்தறிவது நம் பாடு. குரல் அதில் குரலாகவும் வருவதில்லை. குறுகிய அலைவரிசையில் எண்களாக நொறுங்கி வருவதை நம் கணினி பொறுக்கிக் குரலாக்கும். சிதறிய இடத்தில் தானே எதையோ போட்டு நிரப்பும். அதில் ஆசைப்பட்டதைக் கேட்பது எங்கள் வழக்கம். “கேட்கல” என்பது உங்கள் வழக்கம். அந்த ஒரு சொல்லுக்காக உங்களை எவ்வளவு திட்டியிருக்கிறோம்.

பள்ளத்தாக்கு எரிந்த அந்த ஆகஸ்டிலும் திட்டினோம். தீயணைக்கப் போன நம் தொண்டர் அர்கீரிஸும் இரண்டு தோழர்களும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அர்கீரிஸின் கருவி நாற்பத்தொன்றாம் எண். அதிலிருந்து கடைசியாக வந்தது கரகரப்பு மட்டுமே.

“வெளிய வந்துட்டாங்கன்னு பதிவேட்டுல போட்டுருங்க. அதத்தான் சொல்றான்,” என்றார் நம் தலைவர் விளாசிஸ்.

“எனக்குக் கேட்கல. கேட்காதத நான் எழுத மாட்டேன்.”

“ஏன்க்கா இப்படி உயிர வாங்குறீங்க?” என்று கத்தியவன் இதை வாசிக்கும் நான்தான்.

குரல் நின்ற பிறகும் அந்தக் கருவி தன் எண்ணையும் இருக்கும் இடத்தையும் சிறு சிறு துடிப்புகளாக அனுப்பிக்கொண்டிருந்தது. அதை நீங்கள் பிரித்தெடுத்துச் சொன்ன இடத்துக்கே மீட்புப் படை போனது. தோழர்கள் இருவரும் உயிரோடு வந்தார்கள். அர்கீரிஸ் வரவில்லை.

அதன்பின், மீட்டு வந்த அந்தக் கருவியையும் அதன் எண்ணையும் வேறு யாருக்கும் கொடுக்க நீங்கள் விடவில்லை. ஓய்வை இருமுறை தள்ளிப்போட்டதும் அதற்காகத்தான். “நான் போனதும் தூக்கி யார்கிட்டயாவது குடுத்துருவீங்க,” என்றீர்கள். கொடுத்திருப்போம், அக்கா. பொய் சொல்ல மாட்டோம்.

இந்த ஆண்டு புதிய கருவிகள் வரவில்லை. புதிய தொண்டர்கள் வந்தார்கள். ரொட்டிக்கடையில் வேலை செய்யும் டெஸ்பினாவுக்குக் கொடுக்க வேறு கருவி இல்லை. யாரும் உங்களிடம் கேட்கத் துணியவில்லை. நீங்களே காப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, “நாப்பத்தொன்ன அந்தப் பொண்ணுக்குக் குடுத்துருங்க. யாரோடதுன்னு சொல்லாதீங்க, பாவம், பயந்துக்கும்,” என்றீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை அவள் மலைமேலிருந்து பேசினாள். திரையில் நாற்பத்தொன்று எரிந்தது. முதலில் அதே கரகரப்பு. எங்கள் கை விசைக்குப் போகவில்லை. பிறகு குரல் கூடி வந்தது: “நிலையம், நான் டெஸ்பினா. கேக்குதா? யாராவது இருக்கீங்களா?”

நீங்கள்தான் விசையை அழுத்தினீர்கள். “கேக்குதும்மா. நல்லாக் கேக்குது. பேசு.”

அவள் பேசி முடிக்கும்வரை கேட்டீர்கள். பிறகு காதொலிக் கருவியைக் கழற்றி என்னிடம் தந்து, “இனிமே நீ பாத்துக்க, ஸ்த்ராட்டிஸ்,” என்றீர்கள். ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்திட்டது அன்று மாலைதான்.

எங்கள் களைப்புக்கெல்லாம் காவலாய் நின்ற அக்கா! உங்கள் வீட்டு அத்தி மரத்தடியில் அயர்ந்து உறங்குங்கள். மூட்டு வலி குறைந்து, முகம் மலர்ந்து, நெடுங்காலம் நலமாய் வாழுங்கள். புகை வாடை வந்தாலும் எழுந்து வராதீர்கள். நாற்பத்தொன்று கூப்பிட்டால் நாங்கள் இருக்கிறோம். கேட்காததைக் கேட்டதாக எழுத மாட்டோம்.

அன்பும் அயர்வுமாய்,
நிலையத் தோழர்கள்