பூஜ்யம் அடிச்ச அன்னைக்கு

சாய் வேண்டாம் பாய், எனக்கு இறங்காது. நீங்க அந்தத் தோல ஓரமா வச்சிட்டு இப்படி உக்காருங்க. நின்னுக்கிட்டே கேட்டீங்கன்னா எனக்குச் சொல்ல வராது. ஆமா, சர்டிபிகேட்டுதான். உங்க மக ராபியாவோடது. நான் பாடம் எடுக்குத மாட்டுங்கா கம்ப்யூட்டர் கிளாஸ் முதலாளிகிட்ட சண்ட போட்டு நேத்துதான் வாங்கினேன். எண்பத்தாறுல எழுதின பரீட்சைக்கு ரெண்டு வருஷம் கழிச்சு எதுக்குன்னுதானே கேக்கீங்க?

முந்தாநேத்து குர்லா ஸ்டேஷன்ல அவளப் பாத்தேன். உல்லாஸ்நகர்ல ஜீன்ஸ் பேண்ட்டுக்கு நூல் வெட்டுதாளாமே, விரலெல்லாம் கீறல். வெயிலுமுத்து சார்னு அவளா வந்து பேசினா. பேசிட்டு என்ன சொன்னா தெரியுமா? அந்தப் பூஜ்யத்த நான் யோசிச்சிருக்கணும் சார்னா. இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கா பாய், புள்ள.

சொல்லுதேன், சொல்லுதேன். பரீட்சைல கேட்டது ஒண்ணும் பெருசில்ல. நாம பத்துபத்தா எண்ணுதோம்லா, கம்ப்யூட்டர் ரெண்டுரெண்டா எண்ணும். நம்ம நம்பர அதோட நம்பரா மாத்துததுக்கு ஒரு புரோகிராம் எழுதணும். ரெண்டால வகுத்துக்கிட்டே போய், மிச்சத்தக் கீழருந்து மேல எடுத்துப் போடணும், அம்புட்டுதான். எழுதிட்டா. பதினேழு குடுத்தேன், சரியா வந்துச்சு. ஆயிரம் குடுத்தேன், அதுவும் வந்துச்சு. அப்புறம் நான் பூஜ்யத்த அடிச்சேன். வகுக்க ஒண்ணும் இல்லன்னு மெஷின் எதுவுமே காட்டாம வெறுமனே நின்னுச்சு. ஃபெயில்னு எழுதிட்டேன்.

அவ அழல. சார், நீங்க போர்டுல எழுதிப்போட்ட மாதிரிதானே எழுதினேன்னா. வாய மூடுன்னேன். பாஸானா ஐரோலி கம்பெனி வேலை, இல்லன்னா பேசி வச்ச இடத்துல நிக்காஹ்னு நீங்க அவகிட்ட சொல்லியிருந்தது எனக்குத் தெரியும் பாய். தெரிஞ்சுதான் எழுதினேன்.

இல்ல பாய், அவள ஏசாதீங்க. அவ மேல தப்பே இல்ல. போர்டுல எழுதிப்போட்ட அதே புரோகிராம என் நோட்லருந்து எடுத்து நானே அடிச்சுப் பாத்தேன். பூஜ்யம் குடுத்தா அதுவும் அப்படியேதான் நின்னுச்சு. நான் தப்பாச் சொல்லிக்குடுத்தேன், அவ அதத்தான் எழுதினா.

எப்பப் பாத்தேன்னா?

அன்னைக்குச் சாயங்காலமே பாய். அதுக்கப்புறம் பதினெட்டு நாள் கழிச்சுதானே நிக்காஹ். முதலாளி வேலைய விட்டுத் தூக்கிருவான்னு நான் வாயத் தொறக்கல. பந்திக்கும் வந்தேன்லா. நல்லாச் சாப்பிடுங்க சார்னு நீங்கதான் ரெண்டாந் தடவ கறி அள்ளி வச்சீங்க.