கூப்பிடாமல் வராத அண்ணன்

பினாங்கிலிருந்து அக்கரைக்குப் போகும் படகில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் திடீரென்று வெடித்தார்.

"சொந்தத் தங்கச்சி கல்யாணத்துல வரிசையில நிக்கிறான் அண்ணே, என் மவன்!"

"வரிசையிலயா?"

"நாலு வருசம் சீமையில சட்டம் படிச்சானில்ல, அங்க பழகுனது. அண்ணன்காரன் பொண்ணு கையில பொரி போடணும், ஐயர் தட்டோட காத்திருக்காரு. இவன் கூட்டத்துக்குப் பின்னால கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். முகூர்த்தம் போகுதேன்னு என் தம்பி மவனப் புடிச்சுப் போட வச்சோம். பொண்ணு மணவறையிலயே அழுதுடுச்சு."

"ஏன்டான்னு கேக்கலியா?"

"கேட்டேன்லா! முன்னாடி பெரியவங்க நின்னாங்களாம், இடிச்சுக்கிட்டு வரக்கூடாதாம். 'யாரும் என்னைக் கூப்பிடலியேப்பா'ங்கிறான். கூடப்பொறந்தவனுக்குப் பத்திரிகை வச்சு அழைக்கணுமோ?"

படகு துறையை அடைந்ததும் எல்லோரும் முண்டியடித்து இறங்கினோம். கோட்டுப் போட்ட ஓர் இளைஞன் மட்டும் ஓரமாக நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டிருந்தான். கரையில் நின்ற பெரியவர் அவனைப் பார்த்துக் கத்தினார்.

"அப்பன் கூப்பிடுறேன், இப்பவாவது எறங்கி வாங்க தொரை!"