விடுபட்ட அத்தியாயம்

உங்கள் வகுப்புக்காக நீங்கள் கேட்ட பாடங்களைத் திரட்டுவது கடினமாக இல்லை. நூலகத்தில் என் வேலையே அதுதான்.

பலருடைய விருப்பங்களிலிருந்து ஒரே முடிவை எடுப்பது எப்படி, எந்த ஓட்டுமுறை நியாயமானது, அதில் யார் எப்படித் தில்லுமுல்லு செய்யலாம் என்றெல்லாம் கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கும் துறை என்றீர்கள். இலவசப் பாடநூல், விரிவுரைக் காணொளிகள், பயிற்சிக் கணக்குகள் எல்லாம் அனுப்பினேன். பாடநூலில் ஓர் அத்தியாயம் மட்டும் காணவில்லை என்கிறீர்கள், ஐயா. கண்டுபிடிக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். பட்டியலில் இல்லாததை யாரும் தேடுவதில்லை.

படித்துப் பார்க்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை. அப்படிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால், அப்பா இனி எங்கே இருப்பது என்று பேச அண்ணனையும் அக்காவையும் வரவழைக்க அது போதுமாக இருந்தது.

அப்பா என்னோடு இருந்தார். நல்ல மனிதர். வானொலியில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே கேட்பார். வீட்டிலேயே மாலை வெயில் விழும் ஒரே அறை அவருடையது. படிக்க அருமையான அறை.

"மூத்தவன் வீட்டுலதானே அப்பா இருக்கணும்?" என்றாள் அக்கா.

"மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. அவரு எப்படி ஏறுவாரு?" என்றான் அண்ணன்.

"படி ஏறினா மூச்சு வாங்குறது உனக்கு. அவருக்கு இல்ல."

சண்டை வேண்டாம், ஓட்டுப் போடுவோம் என்றேன். அண்ணன் வீடு, அக்கா வீடு, முதியோர் இல்லம். இரண்டிரண்டாகக் கேட்போம், வென்றது அடுத்ததோடு மோதட்டும். இருவருக்கும் அது நியாயமாகப் பட்டது.

அவர்கள் மனம் எனக்குத் தெரியும். அண்ணனுக்கு முதலில் அக்கா வீடு, இல்லாவிட்டால் இல்லம், தன் வீடு கடைசி. அக்காவுக்கு அண்ணன் வீடு, அது நடக்காவிட்டால் தன் வீடு. இல்லம் என்றாலே அழுவாள்.

முதலில் அண்ணன் வீடா, அக்கா வீடா என்று கேட்டேன். அக்காவும் நானும் அண்ணன் வீட்டுக்குக் கை தூக்கினோம். அக்கா என் தோளைத் தட்டினாள். அடுத்து, அண்ணன் வீடா, இல்லமா? அண்ணன் கை கூரையைத் தொட்டது. என் கையும் உயர்ந்தது. அக்காவின் கை அண்ணன் வீட்டுக்காகத் தனியாக நின்றது.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். "என்ன, ஆளாளுக்குக் கையைத் தூக்கிட்டு உக்காந்திருக்கீங்க? துப்பாக்கியோட யாராவது வந்திருக்காங்களா?"

"ஒண்ணுமில்லப்பா," என்றோம் மூவரும். அன்று ஒருமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான்.

இல்லத்தையும் அண்ணன் வீட்டையும் முதலில் மோதவிட்டிருந்தால், கடைசியில் அக்கா வீடு வென்றிருக்கும். அதே மூன்று பேர், அதே மூன்று மனங்கள். இது வரிசையைப் பற்றிய அத்தியாயம். அதை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அனுப்பாதது அதற்கு அடுத்தது. ஒரு வேட்பாளரை வெல்ல முடியாவிட்டால், அவரைப் போட்டியில் சேர்க்காமலே விடுவது பற்றியது. அப்பா இருந்த இடத்திலேயே, என்னோடு, இருக்கலாம் என்று நாலாவதாக ஒரு வழி இருந்தது. அதைச் சொல்லியிருந்தால், நான் வாயை மூடுமுன் இருவரும் கை தூக்கியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அக்கா மகள் இந்தப் பருவத்தில் உங்கள் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி. தாத்தா என்றால் உயிர். அந்த அத்தியாயத்தை அவள் படித்தால் உதாரணம் தேடி வீட்டுக்கு வெளியே போகவேண்டியிருக்காது.

அப்பா சௌக்கியம். இல்லத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே வானொலி. பதில் சொன்னால் மற்றவர்கள் அதட்டுகிறார்களாம். போகும்போதெல்லாம், "எப்பம்மா கூட்டிட்டுப் போவே, சின்னவளே?" என்று கேட்பார். எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுப்பா என்பேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கேட்ட பாடத்தை மறுப்பது என் தொழிலுக்கு அழகல்ல. இதோ, அந்த அத்தியாயம். நடத்துவதா வேண்டாமா என்று வகுப்பையே ஓட்டுப் போடச் சொல்லுங்கள். எதை முதலில் கேட்பது என்று மட்டும் நான் சொல்கிறேன்.